என்ன அடிக்குது?

பெயிண்ட் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வது இதுதான்: “ரொம்ப யோசிக்க வேணாம், லைட் கலரா ஒண்ணு அடிச்சு விட்ருங்க.” அடர்த்தியான நீலமோ மெரூனோ கேட்கிறவர், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்கிறார். அவருக்கு வேலை செய்வது சுலபம். லைட் கலர் கேட்கிறவர் வீட்டுக்குத்தான் வேலை தொடங்கும் முன்பே நான் நாலு தடவை போய் வருகிறேன். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, வெயில் சாய்ந்த பிறகு ஒரு தடவை, விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை. மதுரையில் இந்தத் தொழிலில் எனக்கு 39 வருடம் ஆகிறது. இன்றைக்கும் என்னை நின்று யோசிக்க வைக்கிற நிறம் ஆஃப் ஒயிட்தான்.

சந்தன கலர், ஐவரி, க்ரீம், பிஸ்கட் கலர், முட்டை ஓட்டுக் கலர், லேசான சாம்பல் எல்லாம் ஒரே குடும்பம். பத்திரிகைகளில் இப்போது ‘நியூட்ரல்’ என்று எழுதுகிறார்கள். ஜனங்கள் ‘லைட் கலர்’ என்கிறார்கள். பெயின்டர்களான எங்களிடம் இந்தக் குடும்பத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு சொல் உண்டு: ‘அடிக்குது’. ஒரு வெள்ளையைப் பார்த்து “இதுல ரோஸ் அடிக்குது” என்போம், “பச்சை அடிக்குது” என்போம். வாடை அடிப்பது போலத்தான் இதுவும். பொருள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருப்பது தெரியும். ஒரு வெள்ளையில் என்ன அடிக்கிறது, அது எந்த வீட்டில் அடிக்கும், எந்த வீட்டில் அடங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் லைட் கலர் வேலை. மட்டை பிடிப்பதையும் ரோலர் ஓட்டுவதையும் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இதற்கு எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

1986-ல் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என் தாய்மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பெரும்பாலான வீடுகளுக்குச் சுண்ணாம்புதான். மார்கழி பிறந்தால் பொங்கல்வரை எங்களுக்கு ஓய்வே இருக்காது. சுட்ட சுண்ணாம்பை இரும்புப் பீப்பாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தானாகவே கொதிக்கும். ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு வஜ்ஜிரமோ கஞ்சியோ சேர்ப்போம். கடைசியாக மாமா துணியில் முடிந்த நீலத்தை எடுத்து, பீப்பாய்க்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றுவார். அந்த நாலு சுற்றை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

சுண்ணாம்பில் இயல்பாகவே ஒரு மஞ்சள் இருக்கும். வேட்டிக்கு நீலம் போடுவது எதற்காகவோ, அதற்காகத்தான் சுவருக்கும் நீலம் போட்டோம். மஞ்சளை நீலம் அடக்கிவிடும். இரண்டும் ஒன்றை ஒன்று அடக்கிய இடத்தைத்தான் நம் கண் வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. நீலம் ஒரு சுற்றுக் கூடினால் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று அடிக்கும்போது தெரியாது. ஈரச் சுண்ணாம்பு சுவரில் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். ஆகவே முதல் அறையை அடித்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் மாமா என்னை உள்ளே அனுப்புவார். “மாப்ள, போய்ப் பாரு. என்ன அடிக்குது?”

நான் சுவர் முன்னால் நின்று பார்ப்பேன். “நீலம் அடிக்குது மாமா” என்றால், அன்றைய பீப்பாய்க்கு முடிச்சை மூன்று சுற்றோடு எடுத்துவிடுவார். எனக்குப் பாடம் நடத்துகிறார் என்றுதான் நினைத்தேன். பல வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்பு போய் டிஸ்டெம்பர் வந்தது. டிஸ்டெம்பர் போய் எமல்ஷன் வந்தது. தொண்ணூறுகளில் கடைகளுக்குக் கலர் கலக்கும் மெஷின் வர ஆரம்பித்தது. மெஷினுக்கு அடியில் வைப்பது வெள்ளை பேஸ் வாளி. அதன் வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டையாக்சைடு என்ற பொடி. ஒரு தடவை நாகர்கோவிலில் வேலை முடித்துவிட்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போயிருந்தேன். காலுக்கடியில் மணல் கறுப்பாக மின்னியது. அந்தக் கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவிலிருந்துதான் டைட்டானியம் வெள்ளை எடுக்கிறார்கள் என்று கூட வந்தவர் சொன்னார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். மாமாவின் நீல முடிச்சு நினைவுக்கு வந்தது. எந்த வெள்ளையும் தானாக வருவதில்லை.

ஆஃப் ஒயிட் கலக்கும்போது மெஷினைக் கவனித்திருக்கிறேன். 20 லிட்டர் வாளிக்குள் சில மில்லி கலர்தான் இறங்கும். துளி கறுப்பு, துளி மஞ்சள் ஆக்சைடு, துளி சிவப்பு ஆக்சைடு. இந்த மூன்றில் எது ஒரு துளி முந்தியதோ அதுதான் அடிக்கும். இரண்டு ஆஃப் ஒயிட், ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் மஞ்சள் முந்தியிருக்கும், மற்றதில் சிவப்பு. விரல் நகம் அளவுக் கட்டத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. நாலு சுவரிலும் ஏறி, ஒரு சுவர் இன்னொரு சுவர்மேல் வெளிச்சத்தை வீசும்போது பல மடங்காகத் தெரியும்.

கண்டுபிடிக்க இரண்டு வழி சொல்கிறேன். கட்டத்தைச் சுத்த வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது, காகிதத்தின் பக்கத்தில் தன் நிறத்தைக் காட்டிவிடும். இன்னொன்று, ஷேட் கார்டு பட்டையாக இருந்தால் அதே பட்டையின் அடியில் இருக்கும் அடர்த்தியான கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் லைட் கலரின் சொந்தக்காரன் அவன்தான். அடியில் காக்கி இருந்தால் மேலே இருப்பதில் பச்சை அடிக்கும். அடியில் செங்கல் இருந்தால் ரோஸ் அடிக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன். 1998. நரிமேட்டில் ஒரு பழைய வீடு. கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல். பல வருடம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த சிவப்பு ஆக்சைடு தரை. அந்த அம்மா கேட்டது வெள்ளை. “சுத்த வெள்ளை கண்ணைக் கூசும்மா, கொஞ்சம் இதமா இருக்கட்டும்” என்று சொல்லி ஒரு ஐவரியை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டும் முடிந்தது. வேலை நடந்த எட்டு நாளும் தரை முழுக்கப் பழைய வேட்டியும் செய்தித்தாளும் விரித்திருந்தோம். சுவர் அழகாகத்தான் இருந்தது. கடைசி நாள் காலை விரிப்பை எல்லாம் சுருட்டித் தரையைக் கழுவிவிட்டோம். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தது. இடுப்பு உயரத்துக்குக் கீழே சுவர் முழுக்க ரோஸ் பவுடர் பூசியது போல ஆகிவிட்டது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. “தம்பி, நான் வெள்ளைதானே கேட்டேன்” என்றார். டப்பா மூடியை எடுத்து சுவரோடு ஒட்டிவைத்துக் காட்டினேன். அதே ஐவரிதான். டப்பாவில் சரி, கார்டில் சரி, சுவரில் மட்டும் ரோஸ். சுருட்டிய வேட்டி ஒன்றை எடுத்துத் தரையில் மறுபடி விரித்துப் பார்த்தேன். அந்த இடத்துக்கு நேரே இருந்த சுவரில் ரோஸ் மறைந்தது. வேட்டியை இழுத்தேன், திரும்பி வந்தது. அந்த ஐவரியில் ஏற்கெனவே ஒரு துளி சிவப்பு இருந்தது. தரை இன்னொரு பங்கு சிவப்பை அதன்மேல் வீசியது. எட்டு நாள் நான் தரையை மூடிவைத்துவிட்டு வேறு ஏதோ ஒரு வீட்டுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஹாலை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை மாமாவின் முடிச்சை நினைத்துக்கொண்டேன். மஞ்சளுக்கு நீலம் என்றால் சிவப்புக்குப் பச்சை. கார்டில் பார்த்தால் யாரும் விரும்ப மாட்டார்கள், லேசாகப் பச்சை அடிக்கிற ஒரு மோர் வெள்ளை. அது அந்தத் தரைக்கு மேலே ஏறி நின்றதும் பச்சையும் தெரியவில்லை, ரோஸும் தெரியவில்லை. அந்த அம்மா கேட்ட வெள்ளை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் முதலில் குனிந்து தரையைப் பார்க்கிறேன். இப்போது பெரும்பாலும் விட்ரிஃபைடு டைல்ஸ். அதிலும் ஐவரி டைல்ஸ்தான் அதிகம். அதன் பக்கத்தில் பளீர் வெள்ளைச் சுவர் நின்றால் புது டைல்ஸ்கூட அழுக்குப் பிடித்தது போலத் தெரியும். சுவர் டைல்ஸைவிட வெள்ளையாகப் போகக் கூடாது என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. தரையை மாற்ற யாரும் தயாராக இருப்பதில்லை, சுவர்தான் வளைந்துகொடுக்க வேண்டும்.

தரைக்கு அடுத்து ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். திருநகரில் ஒரு வீட்டு ஹாலுக்கு அருமையான ஆஃப் ஒயிட் அமைந்தது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் போன் செய்து, சுவர் பச்சையாகிவிட்டது, பெயிண்ட் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தால் எதிர்வீட்டில் புதிதாகக் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள். பத்து மணி வெயில் அந்தச் சுவரில் பட்டு நேரே இவர்கள் ஹாலுக்குள் வந்தது. மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றைப் போடச் சொன்னேன், சரியாகிவிட்டது. ஜன்னல் ஓரம் வேப்பமரம் இருந்தாலும் இதே கதைதான். நிழலைக் கொடுக்கிற மரம் கொஞ்சம் பச்சையையும் சேர்த்தே கொடுக்கும்.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் தேசங்களில் எழுதிய புத்தகங்களைப் பார்த்து, வடக்கு ஜன்னல் அறைக்கு எப்போதும் நீல வெளிச்சம்தான் வரும், ஆகவே மஞ்சள் கலந்த வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அங்கே மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே நிற்கும். நம் ஊர் கிட்டத்தட்ட 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த ஓரிரு நாளில் மத்தியானச் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி இரண்டாம் வாரம்வரை அது வடக்குப் பக்கம்தான். ஆகவே கோடையில் நம் வடக்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே வரும். மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாக நுழையும். மேற்கு அறைக்கு வருடம் முழுக்க நாலு மணிக்கு மேல் ஆரஞ்சு வெளிச்சம். நல்ல சந்தன கலரை அது மாம்பழமாக்கிவிடும். மேற்கு அறைக்கு நான் சாம்பல் ஓடிய வெள்ளையைத்தான் சொல்வேன். சாயங்கால வெயிலே அதைச் சந்தனமாக்கிக் கொடுக்கும்.

ராத்திரிக்கு இன்னொரு சூரியன் இருக்கிறது, அது டியூப் லைட். நம் வீடுகளில் மாட்டியிருப்பது அநேகமாக 6500 கெல்வின் வெள்ளை, அதில் நீலம் தூக்கலாக இருக்கும். 3000 கெல்வின் ‘வார்ம்’ விளக்கில் மஞ்சள் தூக்கல். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டை விளக்கு வெளிச்சத்தில்தான் அதிகம் பார்க்கிறார்கள். ஆனால் நிறத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். கடைக்குள் விளக்கில் பார்த்தது போதாது என்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் சேர்ந்த நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சுவருக்கும் காட்டினால் போதும் என்றுதான் நான் அவர்களிடம் சொல்வேன்.

வெளிச்சமே வராத அறை தனிக் கதை. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் கிடையாது. உள்ளறைக்கு முற்றத்திலிருந்து வருகிற வெளிச்சம்தான். “இருட்டா இருக்கு, பளிச்சுன்னு வெள்ளை அடிங்க” என்பார்கள். சுவர் வெளிச்சத்தைத் திருப்பித்தான் கொடுக்கும், சொந்தமாக உண்டாக்காது. சில ஷேட் கார்டுகளில் எல்.ஆர்.வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வந்த வெளிச்சம் முழுவதையும் திருப்பிவிடும் வெள்ளை. வருகிற வெளிச்சமே கொஞ்சம் என்றால் 85 உள்ள வெள்ளையும் அங்கே அழுக்குச் சாம்பலாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட அறைக்கு மஞ்சள் சற்றுத் தூக்கலான, 70 பக்கமாக இருக்கும் க்ரீமைக் கொடுத்து, விளக்கைச் சுவர்மேல் படும்படி மாட்டச் சொல்வேன். மாறாக, மாடியில் நாலு பக்கமும் ஜன்னல் உள்ள புது வீட்டுக்கு 85 அடித்தால் மே மாதம் உள்ளே கண்ணைத் திறக்க முடியாது. அங்கேயும் 70-க்குப் பக்கம்தான் இதம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நேரே சுவரில் ஏற்ற மாட்டேன். பழைய சுவரில் அங்கங்கே ஒரு பட்டை அடித்துப் பார்ப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து நிறம் கண்ணைக் கெடுத்துவிடும். பச்சைச் சுவரில் அடித்த வெள்ளைப் பட்டையில் ரோஸ் அடிப்பது போலத் தெரியும், அந்த ரோஸ் டப்பாவில் இருக்காது. ஒரு ஆர்க்கிடெக்ட் எனக்கு இதை விளக்கினார். பிரான்சில் கோபலின் என்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற ரசாயன அறிஞர். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் போதவில்லை என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1839-ல் புத்தகமே போட்டாராம். நூலுக்கு நடந்ததுதான் சுவருக்கும் நடக்கிறது.

ஆகவே 2-க்கு 2 அடி பலகை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை, இரண்டு கோட், சுற்றி இரண்டு விரல்கடை வெள்ளை ஓரம். அதைக் கொண்டுபோய் வீட்டிலேயே மூன்று நாள் விட்டுவிடுவேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு நாள், மூலையில் ஒரு நாள். தரையில் படுக்கவைக்காமல் சுவரோடு நிமிர்த்தி வைக்க வேண்டும். காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் வீட்டில் இருப்பவர்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்தால் போதும். உட்கார்ந்து முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று நாளில் ஒரு பலகை தானாகக் கண்ணை விட்டு மறைந்துவிடும். ‘அந்தப் பலகை எங்கே’ என்று தேட வேண்டியதாக இருந்தால், அதுதான் அந்த வீட்டு நிறம்.

கடைசிச் சோதனை முகம். பலகைக்கு முன்னால் வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக நிற்கச் சொல்வேன். போனில் வெளிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு நீலம் ஓடிய சாம்பல் கேட்டு வந்த ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். டியூப் லைட்டைப் போட்டு, அந்தப் பலகை முன்னால் அந்தத் தங்கச்சியை நிறுத்தினேன். நல்ல மாநிறம். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போலத் தெரிந்தார். பிறகு மஞ்சள் ஆக்சைடு ஒரு துளி முந்திய சாம்பலைப் பின்னால் வைத்தேன். முகத்தில் ரத்த ஓட்டம் வந்துவிட்டது. “அட” என்றார் கணவர், வேறு எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்க்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. மனுஷரைப் பார்க்க வருகிறார்கள். வீட்டில் உள்ளவர் முகத்தை வாட வைக்கிற நிறம், எந்தப் புத்தகத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வீட்டுக்கு ஆகாது.

இந்தப் பலகை வழக்கத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடத்தை 2019-ல் கே.கே. நகரில் படித்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் அவர் மனைவியும். மூன்று பலகை கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் போனேன். ஐயா ஒரு பலகையைக் காட்டி, “இது வெள்ளை, இதுவே அடிச்சிருங்க” என்றார். அம்மா, “அது எங்கங்க வெள்ளை? சந்தனம்ல” என்றார். ஐயா மறுபடி பார்த்தார். கையால் வலது கண்ணைப் பொத்தினார். பிறகு இடது கண்ணைப் பொத்தினார். இப்படி மூன்று நாலு தடவை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இந்தக் கண்ணுக்கு வெள்ளையா இருக்கு. இந்தக் கண்ணுக்குச் சந்தனமா இருக்கு.”

மூன்று வாரம் முன்புதான் அவருக்கு அரவிந்த் கண் மருத்துவமனையில் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம். வயதாக ஆகக் கண்ணில் உள்ள லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும், நீலத்தை உள்ளே விடாது, மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். பழைய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸை வைத்ததும் நீலம் திரும்பி வந்துவிடுகிறது. அம்மா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இத்தன வருஷம் ஒரே வீட்லதான் இருந்தோம். எனக்கு இருந்த வீடு வேற, இவருக்கு இருந்த வீடு வேறயா?” என்றார். அவர் எதையும் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க அந்த வார்த்தை கூடவே வந்தது.

வேலையை ஒரு மாதம் தள்ளிவைத்தேன். அதற்குள் மூன்று பலகையையும் ஐயா இரண்டு கண்ணாலும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நீலம் ஓடிய வெள்ளைதான் கண்ணுக்குக் கண் அதிகம் மாறியது. மஞ்சள் லென்ஸ் பிடித்துவைப்பது அந்த நீலத்தைத்தானே. மஞ்சள் ஆக்சைடும் துளி கறுப்பும் சேர்ந்த இளஞ்சந்தனம் மிகக் குறைவாக மாறியது. அம்மாவின் கண்ணுக்கும் அது சரியாக இருந்தது. அதையே அடித்தோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நீல வெள்ளை வேண்டாம் என்று இன்றும் சொல்கிறேன். அப்படியே, பளபளக்கும் ஃபினிஷும் வேண்டாம். விளக்கு சுவரில் மின்னினால் அவர்கள் கண் கூசும், மேட் ஃபினிஷ் போதும்.

போன வருடம் திருப்பரங்குன்றத்தில் ஒரு வேலை. இரண்டாவது கோட்டுக்கு வாளிகளைத் திறந்தோம். ஒரே நிறம் எத்தனை வாளி வந்தாலும் எல்லாவற்றையும் ஒரு பெரிய ட்ரம்மில் ஊற்றிக் கலந்துதான் அடிப்போம். அப்போதுதான் சுவருக்குச் சுவர் மாறாது. கலப்பதற்கு முன் மூடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. “ஊத்துடா” என்றேன். என்னிடம் வேலை பழகுகிற பையனுக்கு 19 வயது. அவன் ஒரு மூடியைத் தனியே நகர்த்தினான். “அண்ணே, இதுல லேசா பச்சை அடிக்குதே.”

வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். தெரியவில்லை. வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. வாளியைத் திருப்பி, மெஷின் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்தேன். ஒரு எண் மாறியிருந்தது. வேறு ஷேட். பையன் சொன்னது சரி.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு 54 வயது. மாமா என்னை விடிகாலையில் அறைக்குள் அனுப்பி “என்ன அடிக்குது” என்று கேட்டபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவர் பாடம் நடத்தவில்லை. அந்த நீலம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் முடிச்சைக் கூட்டினார், குறைத்தார். பதினைந்து வயதுப் பையன் கண்ணை நம்பி மதுரையில் எத்தனையோ வீட்டுக்கு அவர் வெள்ளை கொடுத்திருக்கிறார். தெரியவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் ஒரு மேஸ்திரி அப்படிச் சொல்லிவிட்டுத் தொழில் செய்திருக்க முடியாது.

இப்போது காய்ந்த சுவரைப் பார்க்க முதலில் அந்தப் பையனைத்தான் உள்ளே அனுப்புகிறேன். நான் தரையைப் பார்க்கிறேன், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், விளக்கைப் பார்க்கிறேன். அதற்கெல்லாம் என் அனுபவம் போதும். வெள்ளைக்குள் இருப்பதை அவன் பார்த்துச் சொல்கிறான். கேட்கும்போது ஒன்று மட்டும் மாமாவிடமிருந்து மாற்றிக்கொண்டேன். “எனக்குச் சரியா தெரியலடா, அதனாலதான் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டே கேட்கிறேன். அவன் சுவர் முன்னால் போய் நிற்கிறான். அவசரப்படாமல் பார்க்கிறான். நான் வாசலில் காத்திருக்கிறேன்.